போவா பாம்பின் சினையும் ஈற்றுச் சிக்கல்களும்

போவா கன்ஸ்டிரிக்டர் முட்டையிடும் பாம்பன்று. குட்டி ஈனும் பாம்பு. அதன் ஈற்றில் எது வெறும் தாமதம், எது உயிருக்கு ஆபத்து என்று பிரித்தறிய வளர்ப்பவருக்கு முதலில் வேண்டியது சரியான நாட்கணக்கு. இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணுவது பயன் தராது. பாம்புகள் வாரக்கணக்கில் மீண்டும் மீண்டும் இணைசேரும், பெண் விந்தணுவை உடலில் சேமித்தும் வைத்திருக்கும். (ஆண்களோடு இருந்தும் அவற்றின் பங்கேயில்லாமல் ஒரு பெண் போவா குட்டிகளை ஈன்றது 2010-இல் மரபணு ஆய்வு மூலம் தெரியவந்தது.) சூலகத்திலிருந்து கரு முட்டைகள் உடலுக்குள் வெளிப்படும்போது, பெரிய இரையை விழுங்கியது போல நடு உடல் ஏறத்தாழ ஒரு நாள் புடைத்திருக்கும். அதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் பாம்பு சட்டை உரிக்கும். அந்த நாளை எழுதி வையுங்கள். அதிலிருந்து 100 முதல் 120 நாட்களுக்குள் ஈற்று நிகழும்.

சினைப் பாம்பு நிறம் கருத்து, இரையை மறுத்து, வெப்பமான மூலையில் வயிற்றை மேலே திருப்பிக் கிடக்கும். இதைக் கண்டு பதறி, ஊட்ட முயல வேண்டாம். வெப்பமான இடம் 31 முதல் 32 டிகிரி செல்சியசும், மறு மூலை 26 அல்லது 27 டிகிரியும் இருக்கட்டும். தெர்மோஸ்டாட்டின் உணரியைப் பாம்பு படுக்கும் இடத்திலேயே பொருத்துங்கள். குளிர்ந்த மூலையை எடுத்துவிட்டுக் கூண்டு முழுவதையும் சூடாக்குவது நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறு. தாய் தானே நகர்ந்து வெப்பத்தைச் சரிசெய்துகொள்ள வழியில்லாமல் போனால், முதுகெலும்பு வளைந்த குட்டிகளும் இறந்து பிறக்கும் குட்டிகளும் மிகும்.

ஈற்றன்று பாம்பு அமைதியின்றி ஊர்ந்து வாலைத் தூக்கும். குட்டிகளோடு மெழுகுக் கட்டி போன்ற மஞ்சள் நிறக் கருவுறா முட்டைகள் சில வருவது இயல்பே. தலையீற்றில் அவை அதிகமாகவும் இருக்கலாம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மணிக்கணக்கில் முக்கியும் எதுவும் வராவிட்டாலோ, சில குட்டிகள் வந்தபின் ஈற்று நின்று, உடலின் பின்பகுதியில் கட்டியாக ஏதேனும் தங்கியிருப்பது தெரிந்தாலோ, நாட்கணக்கு 120-ஐத் தாண்டிவிட்டாலோ ஊர்வன சிகிச்சையில் பழகிய கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டு செல்லுங்கள். கட்டியை விரலால் பின்னோக்கித் தள்ளிப் பிதுக்காதீர்கள். கருக்குழாயின் சுவர் மெல்லியது, கிழிந்தால் தாயையும் இழக்க நேரும். மருத்துவர் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்துத் தடை எங்கே என்று பார்ப்பார். ஈற்றைத் தூண்டும் ஆக்சிடோசின் ஊசி ஆமைகளுக்குக் கேட்கிற அளவுக்குப் பாம்புகளுக்குக் கேட்பதில்லை. வழி அடைபட்டிருக்கும்போது அதைப் போடுவது கேடு. அப்போது அறுவை சிகிச்சையே வழி.

கழிவாய்க்கு வெளியே சிவந்த சதை பிதுங்கி, திரும்ப உள்ளே போகாமல் நின்றால், அதை உலரவிடக் கூடாது. சுத்தமான துணியைக் கெட்டியான சர்க்கரைக் கரைசலில் நனைத்து மேலே சுற்றினால் வீக்கம் ஓரளவு வற்றும். அப்படியே பாம்பை மருத்துவரிடம் எடுத்துச் செல்லலாம்.

குட்டிகள் மெல்லிய பனிக்குடத்துக்குள்ளேயே பிறக்கின்றன. பெரும்பாலானவை தாமே மூக்கால் கிழித்து வெளிவரும். அசைந்தும் வெளிவராத குட்டியின் முகத்தருகே மட்டும் ஈர விரலால் சவ்வை விலக்குங்கள். வயிற்றில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தால் கொப்பூழ்க்கொடியை வெட்டாதீர்கள், இழுக்காதீர்கள். ஈரமான காகிதத் துண்டு விரித்த சிறு பெட்டியில், சுமார் 29 டிகிரி வெப்பத்தில், அக்குட்டியைத் தனியே வைத்தால் மஞ்சள் கரு மெல்ல உள்ளிழுக்கப்படும் அல்லது கொடி தானே உலர்ந்து உதிரும். மற்றக் குட்டிகளோடு விட்டால் அவை ஊர்ந்து ஊர்ந்தே கொடியைப் பிய்த்துவிடும்.