கிரவுன் ஹைட்ஸில் குடியேறுமுன் அறிய வேண்டிய ஓர் ஆகஸ்ட் இரவு

நியூயார்க்கின் புரூக்ளினில் வேலையோ படிப்போ கிடைத்து, கிரவுன் ஹைட்ஸ் பகுதியில் வீடு தேடும் தமிழர்கள் பெரும்பாலும் வாடகையையும் ரயில் வசதியையும் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அத்தெருக்களில் கறுப்பின மக்களும், மத மரபை இறுகக் கடைப்பிடிக்கும் ஹசிதிய யூதர்களும் ஒரே கட்டடத்தில், அடுத்தடுத்த கதவுகளில் வாழ்கிறார்கள் என்பதையும், 1991 ஆகஸ்டில் அங்கே மூண்ட கலவரம் இன்றும் பேச்சில் தலைகாட்டும் என்பதையும் குடிபோவதற்கு முன்பே அறிந்திருப்பது நல்லது. நான் முதன்முதலாக அங்கே வீடு பார்க்கப் போனபோது, தரகர் குரலைத் தாழ்த்தி, "இது பாதுகாப்பான பக்கம்" என்றார். யாரிடமிருந்து பாதுகாப்பு என்பதை நானே ஊகித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தார். இனத்தையோ மதத்தையோ பார்த்து வீட்டைக் காட்டுவதும் மறைப்பதும் அந்நகரில் சட்டவிரோதம். உங்களுக்கு அப்படி நேர்ந்தால் 311 என்ற நகர நிர்வாகத்தின் எண்ணில் புகார் செய்யலாம்.

பகுதியின் முதுகெலும்பு ஈஸ்டர்ன் பார்க்வே என்னும் அகன்ற சாலை. அதில் 770ஆம் இலக்கக் கட்டடம் லுபாவிச் என்னும் ஹசிதியப் பிரிவினரின் உலகத் தலைமையகம். அதையொட்டிய கிங்ஸ்டன் அவென்யூவில் அவர்களுடைய கடைகள் இருக்கின்றன. நாஸ்ட்ரண்ட், யூட்டிகா அவென்யூக்களில் ஜமைக்கா, டிரினிடாட், கயானா வாசனை அடிக்கும். பருப்பு வைத்துச் சுட்ட ரொட்டி அங்கே கிடைக்கும், அதைச் சாப்பிட நமக்குப் பழக்கம் எதுவும் தேவையில்லை. பக்கத்திலிருக்கும் வீக்ஸ்வில், 1838இல் கறுப்பினத்தவர் சொந்தமாக நிலம் வாங்கி உருவாக்கிய ஊர். 1960களில் வெள்ளையர்கள் கூட்டம் கூட்டமாகப் புறநகர்களுக்குப் பெயர்ந்தபோது, லுபாவிச் குரு மெனாகெம் ஷ்னியர்சன் தம்மவரை இடம்பெயர வேண்டாம் என்று தடுத்தார். ஆகவே இரு சமூகத்தினரும் பிரிந்து வாழும் நகரத்தில் ஒன்றாக வாழும் விதிவிலக்காக இந்த இடம் ஆனது.

ஒன்றாக வாழ்ந்ததாலேயே கணக்குப் பார்ப்பதும் வளர்ந்தது. குருவின் காருக்குக் காவல்துறை வண்டி துணை போவதும், யூதர்களின் ஓய்வுநாளில் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை) தெருக்கள் மூடப்படுவதும், கறுப்பினத்தவரின் வீடுகளை யூதர்கள் விலைக்குக் கேட்டு நெருக்குவதும் கறுப்பின மக்களுக்குச் சலுகையின் அடையாளங்களாகத் தெரிந்தன. தொப்பியும் தாடியுமாகத் தனியே நடப்பவர் தாக்கப்படுவதும் ஏளனம் செய்யப்படுவதும் யூதர்களுக்கு அன்றாட அச்சமாக இருந்தன. 1968இல், அருகிலுள்ள ஓஷன் ஹில்–பிரவுன்ஸ்வில் பகுதியில், கறுப்பினப் பெற்றோர் நிர்வகித்த பள்ளிக் குழுவுக்கும் பெரும்பாலும் யூதர்களான ஆசிரியர்களுக்கும் மூண்ட மோதல் நகரம் முழுவதும் பள்ளிகளை முடக்கிய ஆசிரியர் வேலைநிறுத்தமாக மாறியிருந்தது. அந்தக் காயமும் ஆறியிருக்கவில்லை.

1991 ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை இரவு 8.20 மணி அளவில், கல்லறைக்குச் சென்று திரும்பிய குருவின் வாகன வரிசையில் கடைசியாக வந்த கார், பிரெசிடெண்ட் தெருவும் யூட்டிகா அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் இன்னொரு காரில் மோதி நடைபாதையில் ஏறியது. சைக்கிள் சங்கிலியைச் சரிசெய்துகொண்டிருந்த 7 வயது கேவின் கேட்டோ இறந்தான். அவனுடைய உறவுச் சிறுமி படுகாயம் அடைந்தாள். சிறுவனின் பெற்றோர் கயானாவிலிருந்து வந்தவர்கள்; சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர்களும் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய்ச் சேர்ந்த அதே கயானா. கூட்டம் ஓட்டுநரை அடிக்கத் தொடங்கியதால், முதலில் வந்துசேர்ந்த யூதத் தொண்டர்களின் ஹட்ஸோலா ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு வெளியேறும்படி காவல்துறையே உத்தரவிட்டது. நகர ஆம்புலன்ஸ் சிறுவனை எடுத்துச் சென்றது. சிறுமிக்கு முதலுதவி செய்ததும் ஹட்ஸோலாவின் இன்னொரு வண்டிதான். ஆனால் ஒரு நிமிடக் காட்சியைத்தான் கூட்டம் பார்த்தது: காரின் அடியில் கறுப்பினக் குழந்தைகள் கிடக்க, யூத வண்டி யூதரை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறது. அந்தக் காட்சியே வதந்தியாகிப் பரவியது. மூன்று மணி நேரம் கழித்து, ஆஸ்திரேலியாவிலிருந்து ஆய்வுக்காக வந்திருந்த 29 வயது யான்கெல் ரோசன்பாம், சிறுவனுடன் எந்தத் தொடர்பும் இல்லாதவர், "யூதன்" என்ற ஒரே காரணத்துக்காகச் சூழப்பட்டுக் கத்தியால் குத்தப்பட்டு, மருத்துவமனையில் உயிரிழந்தார். கலவரம் மூன்று நாட்கள் நீடித்தது.

வழக்குத் தொடுப்பதா என்று முடிவு செய்யும் குடிமக்களின் பெருநடுவர் குழு, ஓட்டுநர் மீது குற்றம் சாட்ட மறுத்தது. ரோசன்பாமைக் குத்தியதாகக் கைதான இளைஞன் 1992இல் மாநில நீதிமன்றத்தில் விடுதலையானான். 1997இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில்தான் குற்றவாளி எனத் தீர்ப்பானது. நீதி மறுக்கப்பட்டது எங்களுக்கே என்று இரு தரப்பும் சொல்வதற்கு இவ்வாறு ஆளுக்கொரு தீர்ப்பு கிடைத்தது. காவல்துறையை முழு வலுவுடன் இறக்கத் தாமதித்தார் என்ற பழியுடன், நகரின் முதல் கறுப்பின மேயரான டேவிட் டிங்கின்ஸ் 1993 தேர்தலில் தோற்றார். அந்த நாட்களை யூதர்கள் பலர் இன அழிப்பு வெறியாட்டம் என்பார்கள். கறுப்பினத்தவர் சிலர் எழுச்சி என்பார்கள். 1983ஐப் பார்த்த ஈழத்தமிழருக்கு ஒரு சொல்லுக்குள் எத்தனை இருக்கும் என்பது தெரியும். அக்கம்பக்கத்தில் அப்பேச்சு எழுந்தால் இரண்டு சொல்லையும் நாம் கையில் எடுக்காமல், கேட்டுக்கொண்டிருப்பதே சரி.

நம்மவரிடம் குறிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. "காப்பிலி", "கறுவல்" என்று வீட்டுக்குள் தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைக்கிறோம். நம் பிள்ளைகளுக்குப் புரிகிறது, அவர்கள் பள்ளியில் யார் பக்கத்தில் உட்கார்வது என்பதை அச்சொற்கள் தீர்மானிக்கின்றன. "யூதர் என்றால் பணக்காரர்" என்பதும் அதே வகைதான். கிங்ஸ்டன் அவென்யூ பக்கத்தில் ஆறேழு பிள்ளைகளுடன் வாடகைக்குத் திண்டாடும் குடும்பங்களை நானே அறிவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, இருட்டிய பின்பு, பக்கத்து வீட்டு யூத அம்மையார் கதவை மெல்லத் தட்டி, "எங்கள் வீட்டில் ஒரே புழுக்கமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். ஓய்வுநாளில் அவர்கள் மின்விசையைத் தொடமாட்டார்கள், தொடும்படி நேராகக் கேட்கவும் தயங்குவார்கள் என்பது எனக்குப் பிடிபடச் சற்று நேரம் ஆனது. உள்ளே போய்க் குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டு வந்தேன். எதிர்ப்பாலினத்தவருக்கு அவர்கள் கை கொடுக்கமாட்டார்கள். கை கூப்புவது நமக்குப் பழக்கம் என்பதால் அதில் சங்கடம் நேராது. கடைகளில் "பாரெவ்" என்று அச்சிட்ட பொருளில் இறைச்சியும் பாலும் இராது, ஆனால் முட்டையோ மீனோ இருக்கலாம் என்பதைச் சைவர்கள் கவனிக்கவும்.

தெருவில் விபத்தோ கைகலப்போ நேர்ந்தால் 911ஐ அழையுங்கள். எந்த ஆம்புலன்ஸ் யாரை ஏற்றியது என்று வாட்ஸாப்பில் காணொளி அனுப்பாதீர்கள். 2019இல் இப்பகுதியில் யூதர்கள் மீது தாக்குதல்கள் தொடர்ந்த மாதங்களில், பாதி பார்த்த காட்சிகள் முழுச் செய்தியாக எங்கள் தமிழ்க் குழுக்களிலும் சுற்றின.

செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை, தொழிலாளர் தினத்தன்று, கரீபிய மக்களின் பேரணி ஈஸ்டர்ன் பார்க்வே வழியாக 770இன் வாசலையும் கடந்து செல்லும். 1991இலும், கலவரம் வெடித்த இரண்டே வாரத்தில், அது நடந்தது. அன்று பார்க்வே முழுவதும் மூடப்பட்டிருக்கும். உங்கள் காரை முந்தைய நாளே வேறு தெருவுக்கு மாற்றிவிடுங்கள்.