சூப்பி சப்பையாகி ஒட்டினால்: என் அனுபவம்

பிள்ளை பால்போத்தலில் நாலு இழுவை இழுக்கும், போத்தல் வாயிலுள்ள சூப்பி சப்பையாக ஒட்டிவிடும், பிறகு அழுகை. 90 மில்லி குடிக்க முக்கால் மணித்தியாலம். ஐந்து நாள் இப்படியே போனது.

முதலில் பால்மாவை மாற்றினோம். வீண் செலவு. அடுத்து பெரிய ஓட்டைச் சூப்பி. பால் பாய்ந்து புரைக்கேறியது. மா கட்டிபடுதோ என்று கூடக் கலக்கியதில் நுரைதான் மிச்சம்.

பிழை பால் வரும் ஓட்டையில் இல்லை. சூப்பியின் அடி விளிம்பில் ஊசிமுனையளவு காற்றுத் துளை ஒன்று இருக்கும். பால் குறையக் குறைய அதுவழியே காற்று உள்ளே போகாவிட்டால் சூப்பி சப்பையாகிவிடும். கிளிநொச்சிப் பக்கக் கிணற்றுத் தண்ணியில் சூப்பியை அவிக்க அவிக்க, கேத்தலடியில் பிடிக்கிற அதே வெள்ளைப் படை அந்தத் துளையையும் அடைத்திருந்தது. போதாததற்கு, ஒழுகுமென்று சூப்பியைப் போத்தலோடு பிடிக்கும் வளையத்தை நான் இறுக்கித் திருகியிருந்தேன்.

வினாகிரியும் தண்ணியும் சரிபாதியாகக் கலந்து சூப்பியை அரை மணித்தியாலம் ஊறவைத்து, துளையை விரலால் நசுக்கித் தேய்த்து, நன்றாக அலசி, திரும்ப அவித்தேன். இப்போது அவிப்பது ஆர்.ஓ. (உப்பு நீக்கி வடிகட்டிய) தண்ணியில். வளையத்தை இறுக்கியபின் ஒரு நூல் தளர்த்துவேன். பிள்ளை குடிக்கையில் போத்தலுக்குள் குமிழி ஏறினால் காற்றுப் போகிறது என்று அர்த்தம்.

கரைக்கும் முறையில் மாற்றமில்லை: கொதித்து அரை மணித்தியாலத்துக்குள், 70 பாகை செல்சியசுக்குக் குறையாத தண்ணி முதலில், பிறகு வழித்த கரண்டி மா. பச்சைத்தண்ணிச் சட்டிக்குள் போத்தலை வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். குடித்த மிச்சத்தை வெளியே ஊற்றத்தான் வேண்டும்.