ஜிப்லாக் கவரைக் கழுவி மறுபடி பயன்படுத்துவது எப்படி?

ஜிப்லாக் கவர்களில் பெரும்பாலானவை எல்டிபிஇ என்கிற குறைந்த அடர்த்தி பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. பெட்டியில் முக்கோணத்துக்குள் 4 என்று இருந்தால் அதுதான். இதை மறுசுழற்சிக்கு அனுப்புவது சுலபமில்லை. குப்பை பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளில் சுற்றிக்கொண்டு வேலையையே நிறுத்திவிடும் என்பதால் பல இடங்களில் வாங்கமாட்டார்கள். அதனால் ஒரே கவரைப் பலமுறை பயன்படுத்துவதுதான் குப்பையைக் குறைக்க நம் கையில் இருக்கும் வழி.

படி 1: எதைக் கழுவக் கூடாது என்று முடிவு செய்யுங்கள்

பச்சை இறைச்சி, மீன், முட்டை வைத்த கவர் நேராகக் குப்பைக்குப் போகட்டும். ஓரத் தையலிலும் ஜிப் பள்ளத்திலும் ஒளிந்திருக்கும் கிருமிகளை வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் முழுதாக நீக்கிவிடும் என்று நம்ப முடியாது. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பூஞ்சை பிடித்ததும் அப்படித்தான். வீட்டில் யாருக்காவது வேர்க்கடலை போன்ற ஒவ்வாமை இருந்தால், அது வைத்த கவரில் அவர்களுக்கான உணவை வைக்கவே கூடாது.

எண்ணெய்ப் பிசுக்கு வேறு தலைவலி. எண்ணெயும் வாசனையும் பாலிஎத்திலீனில் ஊறிவிடும். எவ்வளவு தேய்த்தாலும் கொஞ்சம் மிஞ்சும். ஒரு கவருக்காக வாளி வாளியாகத் தண்ணீர் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதை விட்டுவிடலாம்.

படி 2: கழுவுங்கள்

ரொட்டி, உலர் பழம் வைத்த கவரைத் தூளை உதறித் துடைத்தாலே போதும். மற்றவற்றில் கால் பங்கு வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பும் விட்டு, ஜிப்பை மூடிக் குலுக்குங்கள். அப்புறம் திறந்து, பாத்திரம் தேய்க்கும் மென்மையான ஸ்பாஞ்சால் மூலைகளைத் தேய்த்து, நுரை போகும்வரை அலசுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். பிளாஸ்டிக் இளகி ஜிப் கோணிவிட்டால் பிறகு மூடவே மூடாது. தடிமனான ஃப்ரீசர் கவரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கழுவலாம். மெல்லியதைத் திருப்பினால் ஓரம் பிய்ந்துவிடும்.

படி 3: ஒழுகுகிறதா என்று பாருங்கள்

கடைசி அலசலின்போதே இதை முடித்துவிடலாம். பாதி தண்ணீரோடு மூடித் தலைகீழாகப் பிடித்து மெல்ல அழுத்துங்கள். சொட்டினால் அது இனி உணவுக்கு வேண்டாம்.

படி 4: காய வையுங்கள்

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஈரத்தோடு மடித்து இழுப்பறையில் வைத்தால் அடுத்த முறை திறக்கும்போது புழுங்கல் நாற்றம் வரும், பூஞ்சையும் வரும். கழுவாமல் விட்டிருந்தாலே தேவலை என்று தோன்றும்!

கவரின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டால் காயாது. உள்ளே காற்று போக வேண்டும். ஒரு கனமான குவளையில் நீளமான இரண்டு மரக்கரண்டிகளை நிறுத்தி, அவற்றின் மேல் கவரைக் கவிழ்த்து விடுங்கள். அல்லது அடிப்பக்கத்தைத் துணிக் கிளிப்பில் மாட்டி, வாய் கீழே பார்க்கும்படி தொங்கவிடுங்கள். ஜிப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும் என்பதால் அதை மட்டும் உலர்ந்த துணியால் ஒரு முறை துடையுங்கள். இரவு முழுக்க விட்டால் பெரும்பாலும் காய்ந்துவிடும். கடும் வெயிலில் நாள் கணக்கில் தொங்கவிடாதீர்கள். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும்.

படி 5: ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை

வெங்காயம் வைத்த கவர் வெங்காயத்துக்கே. மார்க்கரால் வெளியே எழுதி வையுங்கள், குழப்பம் வராது. கழுவிய கவரில் கொட்டைகள், தோல் உரிக்காத பழம், உலர்ந்த பொருட்கள் வைப்பது நல்லது. சூடான உணவை ஊற்றவோ மைக்ரோவேவில் வைக்கவோ வேண்டாம்.

கழுவும் வேலையையே குறைக்க ஒரு வழி உண்டு: உணவைக் காகிதத்தில் சுற்றியோ சின்ன டப்பாவில் போட்டோ கவருக்குள் வையுங்கள். கவர் அழுக்காகவே ஆகாது.

ஜிப் தளர்ந்தவை, ஓட்டை விழுந்தவை சார்ஜர் வயர், ஆணி, பயணத்தில் செருப்பு வைக்க உதவும். அதற்கும் தாங்காமல் கிழிந்தால், உங்கள் பகுதியில் மெல்லிய பிளாஸ்டிக்கைத் தனியாகச் சேகரிக்கும் இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கொடுக்கும்போது சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும்.