கறுப்பினப் புலம்பெயர் ஆய்வில் பேராசிரியர் ஆவது எப்படி

ஆப்பிரிக்காவிலிருந்து உலகெங்கும் சிதறிய கறுப்பின மக்களைப் பற்றிய இந்த ஆய்வில் பேராசிரியராக வேண்டும் என்றால், பல்கலைக்கழகப் பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். 'இனம், பாலினம், பாலியல்பு பற்றி ஆராயப் போகிறேன்' என்று பிஎச்டி விண்ணப்பத்தில் எழுதினால் தேர்வுக்குழுவுக்குப் புதிதாக எதுவும் தெரியவராது. மானுடவியலாளர் குளோரியா வெக்கரைப் பாருங்கள்: தென் அமெரிக்க நாடான சுரினாமின் தலைநகர் பாரமரிபோவில் உழைக்கும் வர்க்கக் கறுப்பினப் பெண்கள் தங்களுக்குள் வைத்திருந்த 'மாட்டி' எனப்படும் காதல், பாலியல் உறவுகளை ஆராயப் போய், பாலியல் அடையாளம் என்று மேற்குலகம் நினைத்திருந்ததையே அசைத்துப் பார்த்தார். உங்கள் ஆய்வுக் கேள்விக்கும் அந்த அளவுக்குச் சின்ன இடம் போதும்.

அப்புறம் மொழி. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பிரேசிலுக்குப் போர்த்துக்கீசியம் வேண்டும், ஹெய்ட்டிக்குப் பிரெஞ்சு மட்டும் போதாது, கிரியோலும் வேண்டும். பிஎச்டி சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மொழி தெரிந்தால் மேற்கோள்களும் மாறும். எல்லாரும் சடங்கு மாதிரி இனப் பாகுபாடும் பாலினப் பாகுபாடும் ஒன்றோடொன்று பின்னுவதைப் பற்றி அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் எழுதியதோடு தொடங்க, நீங்கள் 1980களிலேயே பிரேசிலில் இனவெறியையும் பாலினப் பாகுபாட்டையும் சேர்த்து எழுதிய லெலியா கொன்சாலஸிலிருந்து தொடங்கலாம்.

ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்று இப்போதே தேடுங்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் ஷாம்பர்க் மையம், லண்டன் பிரிக்ஸ்டனில் பிளாக் கல்ச்சுரல் ஆர்கைவ்ஸ், கவிஞர் ஆட்ரி லார்டின் தாள்களுக்கு அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரி. அடிமைமுறைக் காலத்துக்குப் போகிறீர்கள் என்றால் கிடைப்பதில் பெரும்பகுதி விற்பனைக் கணக்கும் நீதிமன்றப் பதிவும்தான், எழுதியவர்கள் பெரும்பாலும் எஜமானர்கள், அடிமைப்பட்ட பெண் யாரை நேசித்தாள் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இருக்காது. அந்த மௌனத்தை எப்படிப் படிப்பீர்கள் என்பதுதான் உங்கள் ஆய்வுமுறை. விண்ணப்பத்தில் ஒரு பத்தி அதற்கே ஒதுக்குங்கள்.

பிஎச்டியை எந்தத் துறையில் செய்வது? ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுக்கென்றே முதல் முனைவர் படிப்பை டெம்பிள் பல்கலைக்கழகம் 1988-இல் தொடங்கியது. இன்று வேறு பல இடங்களிலும் உண்டு. ஆனாலும் வரலாறு, மானுடவியல் மாதிரி பழைய துறை ஒன்றிலும் கால் ஊன்றியிருப்பது நல்லது என்பேன். தனிப் படிப்புகள் நிலைக்கும் என்று சொல்ல முடியாது: இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சிட்டி பல்கலைக்கழகம் 2017-இல் ஐரோப்பாவின் முதல் கறுப்பின ஆய்வுப் பட்டப்படிப்பைத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே மூட முடிவெடுத்தது. அமெரிக்காவில் விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி முடியும். கட்டண விலக்கும் உதவித்தொகையும் தராத இடத்தில் சேராதீர்கள்.

வேலை பெரும்பாலும் இரண்டு துறைகளுக்குப் பொதுவாகத்தான் வரும். கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் இரண்டு துறைக் கூட்டங்கள், இரண்டு துறை மாணவர்கள், அதோடு வளாகத்தின் எல்லாப் பன்மைத்துவக் குழுவிலும் உங்கள் பெயர். டென்யூருக்கு, அதாவது நிரந்தரப் பணிக்கு, எந்தத் துறை வாக்களிக்கும், பாடச்சுமை எப்படிப் பிரியும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.