சிங்கப்பூர் வீட்டில் ஏர்கானும் ஹீட்டரும்: புதிதாக வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ போகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது, வீட்டைச் சூடாக்கும் கருவியை எப்படித் திருகுவது என்பதை. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒரு பாகையும் சொச்சமும் வடக்கே இருக்கிறது. இங்கே வீட்டைச் சூடாக்கும் வேலையே கிடையாது. உங்கள் கைக்கு வரப்போவது ஏர்கான் ரிமோட்டும், குளியலறைக்கு வெளியே இருக்கும் வெந்நீர் ஹீட்டர் சுவிட்சும்தான். மாதக் கடைசியில் வரும் பில்லில் பெரிய பங்கு இவை இரண்டுக்கும் உண்டு. ஒரே வீட்டில் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்குள் வருகிற மனத்தாங்கல்களில் பல, இந்த பில்லில்தான் தொடங்குகின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இந்த ஊரின் வெக்கையைப் புரிந்துகொள்ளுங்கள். மதுரையிலும் திருச்சியிலும் சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தாங்கியவர்களுக்கு இங்குள்ள 32 டிகிரி பெரிதாகத் தெரியக்கூடாது. ஆனாலும் வந்த வாரமே சட்டை உடம்போடு ஒட்டும். காற்றில் இருக்கும் ஈரம்தான் காரணம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே அது காய்வதே இல்லை. ராத்திரியிலும் வெப்பநிலை 23 டிகிரிக்குக் கீழே அபூர்வமாகத்தான் இறங்கும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் சுவர், மேற்குப் பார்த்த அறையாக இருந்தால், இரவு பத்து மணிக்கும் அனலை விடும். அப்படிப்பட்ட அறை கிடைத்தவர்கள் மதியமே திரைச்சீலையை இழுத்துவிட்டு வேலைக்குப் போவது நல்லது.

ஆக, நமக்கு வேண்டியது ஈரம் குறைந்த, காற்று நகர்கிற அறை. இது பிடிபட்டுவிட்டால் ரிமோட்டை எப்படி வைப்பது என்பது தானாக விளங்கும்.

புதிதாக வருபவர்கள் அறைக்குள் நுழைந்ததும் 18-இல் வைக்கிறார்கள், சீக்கிரம் குளிரட்டும் என்று. அந்த எண் அறை போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். அறை 25-ஐத் தொட்ட பிறகும் இயந்திரம் நிற்காமல் 18-ஐ நோக்கி உழைத்துக்கொண்டே இருக்கும். இந்த ஊர் வெளிக்காற்றில் அது அந்த இடத்தை அடைவதே கஷ்டம். இங்குள்ள தேசிய சுற்றுப்புற வாரியம் பொதுமக்களுக்குச் சொல்வது 25 அல்லது அதற்கு மேல். நானும் அதையே சொல்வேன், கூடவே ஒரு மின்விசிறி. 26-இல் வைத்து, விசிறியை மெதுவாகச் சுழலவிட்டுப் படுத்துப் பாருங்கள். விசிறிக் காற்று மேலே படும்போது உடம்புக்கு இரண்டு டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். வாடகை அறையில் விசிறி இல்லையென்றால் லிட்டில் இந்தியாவின் முஸ்தபா கடையிலோ பேட்டைக் கடையிலோ ஒன்று வாங்கிவிடுங்கள். முதல் மாதச் செலவுகளில் இதை நான் கட்டாயம் என்றே வைப்பேன்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். இங்கே மின்சாரம் ஒரு யூனிட் அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய 30 காசு (சென்ட்). கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று பழகியவர்கள், அப்படி ஒன்று இங்கே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். 50 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 12 காசு. சின்ன அறையின் இன்வர்ட்டர் ஏர்கான் அதே எட்டு மணி நேரத்துக்கு, மிதமாக வைத்தால், நாலு முதல் ஆறு யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றரை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பக்கம் வந்துவிடும். மாதத்துக்கு நாற்பது, ஐம்பது வெள்ளி. அறைக்கு ஒன்று என்று மூன்று ஓடினால் எவ்வளவு ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ரிமோட்டில் பனிப்படிகம் போல ஒரு பூ வடிவம் இருக்கும், அது குளிரூட்டுவது. நீர்த்துளி வடிவம் ஈரத்தை எடுப்பது, டிரை என்று போட்டிருக்கும். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை நாள் முழுக்கப் பெய்யும்போது அறை சூடாகவும் இருக்காது, பிசுபிசுப்பும் போகாது. அந்த நாட்களுக்கு டிரை போதும். கம்பிரசர் விட்டுவிட்டு ஓடும், விசிறி மெதுவாகச் சுழலும். ஏப்ரல், மே மாதப் புழுக்கத்துக்கு மட்டும் அது ஈடுகொடுக்காது.

டைமரை யாரும் தொடுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பொத்தான் அதுதான். விடியற்காலை நான்கு மணிக்கு நிற்கும்படி வைத்துவிட்டு விசிறியை ஓடவிடுங்கள். அந்த நேரத்தில் வெளியேயும் சூடு தணிந்திருக்கும், அறையில் தேங்கிய குளிர் காலைவரை தாங்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கியிருக்கும்போதும் இது பெரிய உதவி. "மூட்டெல்லாம் இழுக்குதுப்பா, அதை அணைச்சுடு" என்று அம்மா நடுராத்திரியில் எழுந்து உட்கார வேண்டியிருக்காது. காற்று நேராகக் கட்டிலில் விழாமல் ஏர்கான் வாயிலுள்ள பலகையை மேல்நோக்கித் திருப்பி வையுங்கள்.

அறையை அளவுக்கு மீறிக் குளிர்விப்பதில் இன்னொரு கேடும் உண்டு. கதவைத் திறந்ததும் வெளியிலுள்ள ஈரக்காற்று குளிர்ந்த சுவரிலும் அலமாரியிலும் பட்டு நீராகப் படியும். சில வாரங்களில் பட்டுப்புடவையிலும் தோல் செருப்பிலும் பூஞ்சை பூக்கும். காலையில் எழுந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். புகைமூட்டம் இருக்கும் நாட்களில் மட்டும் மூடி வைக்கலாம்.

ஏர்கானுக்குள் இருக்கும் வலைத்தட்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குழாயடியில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். பத்து நிமிட வேலை. தூசி அடைத்தால் காற்று வராது, காற்று வரவில்லை என்று நாம் ரிமோட்டில் டிகிரியைக் குறைப்போம், பில் ஏறும். உள்ளிருந்து தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாய் அடைப்புதான். கீழே வாளி வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். தேங்கிய நீரில் கொசு முட்டையிடும், டெங்கி விஷயத்தில் இந்த ஊர் கண்டிப்பானது. சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். எடுத்த எடுப்பில் கெமிக்கல் வாஷ் (ரசாயனம் கொண்டு கழுவுவது) வேண்டும், கேஸ் போட வேண்டும் என்று சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். ஒழுக்கு இல்லாமல் கேஸ் குறையாது.

இனி ஹீட்டர். இருவகை உண்டு. குழாயைத் திறந்ததும் சுடவைக்கும் சின்னப் பெட்டி ஒன்று. அது 3 கிலோவாட் எடுத்தாலும் பத்து நிமிடக் குளியலுக்கு அரை யூனிட்தான் ஆகும். தண்ணீரைச் சேர்த்துவைத்துச் சுடவைக்கும் தொட்டி மற்றொன்று. இதைக் குளிக்கப் போவதற்குக் கால் மணி நேரம் முன்பு போட்டு, குளிக்கும் முன் அணைத்துவிட வேண்டும். நாள் முழுக்கச் சிவப்பு விளக்கு எரிந்தால் காசு வீணாகிறது.

காசைவிடப் பெரியது உயிர். தொட்டி ஹீட்டரை சாதாரண பிளக்கில் செருகக்கூடாது. அதற்கென்று தனி இருமுனை சுவிட்ச் இருக்க வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் எச்சரித்திருக்கிறது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற கருவியும் எல்லா வீடுகளிலும் இருக்க வேண்டும். 2023 ஜூலையில் வந்த விதி இது. பழைய வீடுகளுக்குக் கொடுத்த அவகாசமும் 2025 ஜூலை 1-உடன் முடிந்தது. வீடு பார்க்கப் போகும்போதே மின்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் கீழே விழவில்லையென்றால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வரும்வரை அதை அப்படியே விட்டுவைக்கக்கூடாது.

கடைசியாக ஒப்பந்தம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அறை எடுக்கும்போது "பியூபி சேர்த்துத்தான் வாடகை" என்பார்கள். பியூபி என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயர். தண்ணீர், மின்சாரம், எரிவாயு எல்லாவற்றையும் சேர்த்துப் பேச்சுவழக்கில் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். பில் வருவது எஸ்பி குழுமத்திடமிருந்து. அதற்கு உச்சவரம்பு உண்டா, தாண்டினால் யார் எவ்வளவு கட்டுவது, ஏர்கான் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை போடலாம், வார இறுதிப் பகலில் போடலாமா என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்னால் எழுத்தில் வாங்குங்கள். முழு வீடு எடுப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏர்கான் சர்வீஸ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை அநேகமாக இருக்கும், அந்தச் செலவு வாடகைக்காரர் தலையில். ஒவ்வொரு ரசீதையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். குடிபோகும் நாளில் ஒவ்வொரு ஏர்கானையும் ஓடவிட்டு, குளிர்கிறதா, சொட்டுகிறதா என்று காணொளி எடுத்து வைத்துக்கொண்டால், காலிசெய்யும் நாளில் டெபாசிட்டைப் பிடித்தம் செய்யும் பேச்சு வரும்போது காட்ட உங்களிடம் ஒன்று இருக்கும்.