சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ கச்சேரிக்குப் போவது எப்படி

இந்தோனேசியாவின் மோக்கா மாதிரி ஓர் இசைக்குழு மலேசியாவில் நம் ஈப்போவுக்கு வருகிறது என்று தெரிந்தால், டிக்கெட்டைப் பிறகு பார்க்கலாம். ராத்திரி வீட்டுக்கு வண்டி ஓட்டப்போவது யார் என்று முதலில் பேசி முடியுங்கள். சுங்கை சிப்புட்காரர்களுக்குப் போவது சுலபம். இடிஎஸ் என்கிற மின்சார ரயில் நம் ஸ்டேஷனில் நிற்கிறது, அரை மணிக்குள் ஈப்போ. திரும்புவதுதான் தலைவலி. எல்லாம் முடிய 11 மணி ஆகிவிடும். அந்நேரத்தில் வடக்கே போக ரயில் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது, மேடான் கிட் பஸ் நிலையத்தில் பஸ்ஸும் கிடைக்காது. கிராப் டாக்சிக்காரர்கள் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் காலியாகத் திரும்ப வேண்டுமே என்று தயங்குவார்கள்.

நானும் தங்கையும் அண்ணனின் பழைய கஞ்சில் காரில்தான் போவோம். பெட்ரோலும் சாப்பாடும் எங்கள் செலவு. அவர் உள்ளே வரமாட்டார், மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து டிவியில் பந்து விளையாட்டு பார்ப்பார். அம்மாவிடம் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். "இந்தோனேசியாக்காரங்க இங்கிலீஷ்ல பாடுறதைக் கேக்க ராத்திரியில போவணுமாடி?" என்றார் என் அம்மா. அண்ணன் வருகிறார் என்றதும் பேச்சு அதோடு முடிந்தது.

மோக்காவைத் தெரியாதவர்களுக்கு: பண்டுங் நகரத்துக் குழு. முதல் ஆல்பம் 'மை டைரி' 2002-இல் வந்தது, அடுத்தது 2004-இல் 'ஃபிரெண்ட்ஸ்'. பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டுகள், பழைய காலத்து ஸ்விங் தாளம். பாடகி அரினா இடையிடையே ஃபுளூட்டும் வாசிப்பார். அக்காவின் டிஸ்க்மேனில் இதைக் கேட்டு வளர்ந்தவள் நான். சுற்றிலும் செம்பனை மரம், காதுக்குள் பண்டுங். போவதற்கு முந்தைய வாரம் இந்த இரண்டு ஆல்பங்களையும் சமைக்கும்போது ஓடவிடுங்கள். கூட்டம் சேர்ந்து பாடும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பது பெரிய தண்டனை. அதற்காகப் புதுப் பாட்டு வரும்போது போனைத் திறந்துவிடாதீர்கள். பழசை மட்டும் கேட்பதற்கு வீட்டிலேயே யூடியூப் இருக்கிறது.

டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கினால் பெரும்பாலும் கொஞ்சம் மலிவு. க்யூஆர் குறியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், கூட்டத்தில் போன் லைன் மெதுவாகிவிடும். போஸ்டரில் இருப்பது கதவு திறக்கும் நேரம்தான். மக்ரிப் தொழுகை முடிந்து ஆட்கள் வந்து சேர்ந்த பிறகு முதலில் உள்ளூர்க் குழுக்கள் ஏறும். அவர்களையும் கேளுங்கள், நம் பக்கத்துப் பிள்ளைகள்தானே. முக்கியக் குழு எத்தனை மணிக்கு ஏறும் என்று ஏற்பாட்டாளர்களிடம் இன்ஸ்டாகிராமில் கேட்டால் பெரும்பாலும் பதில் வரும்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். லிட்டில் இந்தியா பக்கம் வாழையிலைச் சாப்பாடு, இல்லாவிட்டால் ஜாலான் யாவ் தெட் ஷின் தெருவில் தவுகே (முளைப்பயறு) கோழி. எனக்கு இரண்டாவதுதான், வாழையிலைச் சாப்பாடு முடித்தால் நிற்க முடியாது, தூங்கத்தான் முடியும்.

நிற்கும் இடம்தான் முக்கியம். எல்லோரும் மேடைக்கு முன்னால் முட்டிக்கொள்வார்கள். அங்கே டிரம்ஸ் சத்தத்தில் ஃபுளூட் காணாமல் போய்விடும். சவுண்டுக்காரர் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அவருக்கு முன்னால் நில்லுங்கள். தன் காதுக்கு எட்டுவதை வைத்துத்தான் அவர் ஒலியைச் சரிசெய்கிறார், அதனால் அங்கே எல்லாம் அளவாகக் கேட்கும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். 100 டெசிபல் சத்தத்தில் 15 நிமிடத்துக்கு மேல் இருப்பது காதுக்குக் கெடுதல், அந்த அளவு இந்த மாதிரி இடங்களில் சாதாரணம். பார்மசியில் காதடைப்பான் சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும். போட்டுக்கொள்ள வெட்கப்படாதீர்கள், மேடையில் இருப்பவர்களே போட்டிருப்பார்கள்.

டிஷர்ட், சிடி விற்கும் மேசைக்கு இடைவேளையிலேயே போய்விடுங்கள். கடைசியில் போனால் எக்ஸ்எல் மட்டும்தான் மிச்சம். இந்த மாதிரிக் குழுக்களுக்கு அந்த மேசைக் காசு பெரிய உதவி, பேரம் பேசாதீர்கள்.

வெளியே வந்ததும் உடனே வண்டியில் ஏறாதீர்கள். ஓட்டுகிறவருக்கு ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து முகம் கழுவச் சொல்லுங்கள். வழியில் கந்தான் பக்கம் சிமெண்ட் லாரிகள் வரும், மழை பெய்திருந்தால் ரோட்டில் கோடே தெரியாது. பின்சீட்டில் இருப்பவர்கள் தூங்காமல் அவரோடு பேசிக்கொண்டே வாருங்கள்.