கெட்டிமேள நேரத்தில் கைவிடாத கமரா: பற்றரியும் பிளாஷும்

கமராவைக் கையில் எடுத்ததும் முதலில் தலைப்பக்கத்து ஹாட் ஷூவைப் பாருங்கள். பிளாஷ் செருகும் அந்தத் தட்டின் நடுவில் பெரிய உலோகப் புள்ளி ஒன்று இருக்கவேண்டும். பிளாஷைத் தூரத்திலிருந்து எரியவைக்கும் சாதாரண மனுவல் ட்ரிகர்கள் அந்தப் புள்ளி வழியாகத்தான் வேலை செய்யும். கனன் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் அது இல்லை. கனனின் மொழி தெரிந்த பிளாஷ்தான் அவற்றில் வேலை செய்யும். விலை குறைவென்று இவற்றை வாங்கிக் கல்யாண வேலைக்கு இறங்குபவர்கள் பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அடுத்தது சிங்க் வேகம், அதாவது பிளாஷோடு ஒத்துப்போகும் ஆகக் கூடிய ஷட்டர் வேகம். சோனி ஏ7 மார்க் 4-இல் 1/250, கனன் ஆர்6-இல் மெக்கானிக்கல் ஷட்டருக்கு 1/200. இதைத் தாண்டினால் படத்தின் ஒரு ஓரம் கறுத்துவிடும். மலிவான ட்ரிகர் என்றால் 1/160-இல் நில்லுங்கள், அதன் சமிக்ஞை சற்றுப் பிந்தித்தான் போகும். சத்தமில்லாத எலக்ட்ரோனிக் ஷட்டரில் பெரும்பாலான கமராக்கள் பிளாஷை எரிய விடுவதில்லை. தேவாலயக் கல்யாணத்துக்கு அதை ஓன் பண்ணிவிட்டு, மறுநாள் கோயில் கல்யாணத்தில் "பிளாஷ் பழுது" என்று தேடுவது அடிக்கடி நடப்பது. மெக்கானிக்கலுக்கு மாற்றினால் சரியாகும்.

மின்சக்தி விஷயத்தில் கம்பனிக் கணக்கை அடிப்படையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏ7 மார்க் 4-க்கு வியூஃபைண்டர் வழியாக ஒரு பற்றரிக்குச் சுமார் 520 படம் என்று போட்டிருக்கும். தொடர்ச்சியாக அடித்தால் அதைவிடக் கூட வரும். பற்றரியைத் தின்பது படம் எடுப்பதல்ல, ஐயர் கிரியை செய்யும்போது கமராவை ஓனில் வைத்துக்கொண்டு காத்து நிற்பதுதான். மிரர்லெஸ் கமராவில் திரையும் சென்சரும் அந்த நேரமெல்லாம் ஓடிக்கொண்டேயிருக்கும். தானாக அணையும் நேரத்தை ஒரு நிமிடத்துக்குக் குறையுங்கள். அதிகாலைப் பொம்பிளை அலங்காரம் முதல் இரவு வரவேற்பு வரை ஒரு கமராவுக்கு உள்ளே ஒன்று, பையில் மூன்று என்பது எங்கள் கணக்கு. இரண்டு கமராவும் ஒரே வகைப் பற்றரி எடுப்பதாக இருந்தால் பாதித் தலையிடி குறையும்.

சோனியின் எஃப்இசட்100 பற்றரி சார்ஜரில் முழுதாக ஏற இரண்டரை மணித்தியாலம் பிடிக்கும். நான்கையும் ஒரே குழிச் சார்ஜரில் போட்டால் பத்து மணித்தியாலம். இடையில் கரண்ட் போனால் முகூர்த்தத்துக்கு இரண்டு பற்றரிதான் மிஞ்சும். இரட்டைச் சார்ஜர் வாங்குங்கள், முதல் நாள் மத்தியானமே தொடங்குங்கள். யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் கமரா நல்லது, ஆனால் பவர் பாங்கையும் பாருங்கள். கனன் ஆர்6 சாதாரண 5 வோல்ட் பாங்கில் ஏறாது. பவர் டெலிவரி (பிடி) வகை, 9 வோல்ட் 3 அம்பியர் தருவது வேண்டும். சுவரில் செருகும் ஸ்டூடியோ லைட்டை மண்டபத்துக்குக் கொண்டுபோகவேண்டாம். ஜெனரேற்றருக்கு மாறும் இடைவெளியில் அது இருண்டுவிடும்.

பிளாஷின் பற்றரி தனிக்கதை. சாதாரண அல்கலைன் ஏஏ நான்கு போட்டால் தொடக்கத்தில் நன்றாக எரியும், போகப்போக அடுத்த ஒளிக்கு ஐந்தாறு நொடி எடுக்கும். அது தீர்ந்ததால் அல்ல, உள்தடை கூடியதால். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் 2000 எம்ஏஎச் நான்கு போடுங்கள், அல்லது லித்தியம் பாக் உள்ள பிளாஷுக்கு மாறுங்கள். கோடொக்ஸ் வி1 முழுச் சக்தியில் சுமார் 480 தடவை எரியும், ஒவ்வொன்றுக்கும் இடையே ஒன்றரை நொடி. அந்த ஒன்றரை நொடியில் தாலி கட்டி முடிந்துவிடலாம். ஆகவே முழுச் சக்தியில் அடிக்காதீர்கள். ஐஎஸ்ஓ 1600, எஃப் 4, 1/160 என்று வைத்து பிளாஷை முழுச் சக்தியின் 1/8-இல் தொடங்குங்கள். உடனுக்குடன் எரியும், சூடேறாது. ஒளியின் நீளமும் குறைவதால், தூவும் அறுகரிசி கோடாக இழுபடாமல் மணிமணியாகக் காற்றில் நிற்கும்.

பிளாஷ் நிற்கும் இடம் இன்னும் முக்கியம். ஓமப் புகைக்கு நேரே கமராவின் மேலிருந்து அடித்தால் புகைதான் வெளுக்கும், முகம் தெரியாது. கூறையின் சரிகையும் பளீரென்று வெடிக்கும். மணவறைக்குப் பக்கவாட்டில் ஸ்டாண்டில் ஒன்றை ஏழடி உயரத்தில் வைத்து ரேடியோ ட்ரிகரால் எரியுங்கள். எல்லோரும் எழுந்து சூழ்ந்து நின்றாலும் அந்த உயரத்தில் வெளிச்சம் தலைகளைத் தாண்டும். கூரையில் பட்டுத் தெறிக்கவைக்க நினைத்தால் முதலில் நிமிர்ந்து பாருங்கள். சிவப்புத் துணி கட்டிய பந்தல் என்றால் முகமெல்லாம் சிவக்கும். இன்னொன்று, ஸ்டாண்டில் உள்ள பிளாஷின் ஸ்லீப் வசதியை அணைத்துவிடுங்கள். நீண்ட கிரியைக்குள் அது உறங்கிவிடும்.

அலங்கார எல்இடி லைட்டுகளால் படத்தில் பட்டை விழுந்தால் 1/100-க்கு இறங்குங்கள். எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஆன்டி-ஃபிளிக்கர் வசதி உள்ள கமரா இதைத் தானே பார்த்துக்கொள்ளும். இருட்டான மண்டபத்தில் திரை கறுத்தால், எக்ஸ்போஷரைத் திரையில் காட்டும் செற்றிங்கை நிறுத்துங்கள்.

கடற்கரைப் படங்களுக்கு வருவோம். திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரைகள் கிழக்கு நோக்கியவை. கடலைப் பின்னால் வைத்தால் காலை வெயில் மணமக்களின் முதுகில் விழும், வானத்தைக் காப்பாற்ற ஐஎஸ்ஓ 100, 1/200, எஃப் 11 அளவு தேவைப்படும். இதற்குச் சின்னப் பிளாஷ் போதாது. 200 ஜூல் பற்றரி லைட்டை சொஃப்ட்பொக்ஸோடு இரண்டு மீற்றருக்குள் வையுங்கள். பின்னணி மங்கவேண்டுமா? எஃப் எண்ணைக் குறைக்கவேண்டும், அப்போது வெளிச்சம் கூடிவிடும். சிங்க் வேகத்தைத் தாண்டியும் பிளாஷை எரியவைக்கும் ஹை ஸ்பீட் சிங்க் இரண்டு ஸ்டொப்புக்கு மேல், அதாவது முக்கால் பங்குக்கு மேல், சக்தியைத் தின்னும். அதைவிட, வெளிச்சத்தை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் என்டி8 ஃபில்டரை லென்ஸில் போட்டால் அதே 1/200-இல் எஃப் 4 வரை வரலாம். காற்றடிக்கும் கரையில் ஸ்டாண்டுக்கு மணல் பை கட்டாயம்.

ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்க்கும், அரைமணி பையை மூடியபடி வெளியே வையுங்கள். உப்புக் காற்று ஹாட் ஷூவின் புள்ளிகளில் மெல்லிய பச்சைப் படலமாகப் படியும், அதனால்தான் பிளாஷ் ஒருதரம் எரிந்து ஒருதரம் விடும். கடற்கரை வேலை முடிந்த அன்றே ஐசோப்ரொபைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் புள்ளிகளையும் பிளாஷின் அடிப்பாகத்தையும் துடைத்து, காய்ந்த பிறகே பற்றரியைத் திரும்பப் போடுங்கள்.